இன்ஜின் கார்டுக்கு வெட்டிய பூட்ஸ்

பெருமுக்கல் போகும் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, பின் சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறேன். விரலில் எச்சிலைத் தொட்டு டியூப் வாயில் வைத்துவிட்டு உற்றுப் பார்க்கிறேன். காற்று இறங்கினால் எச்சிலில் குமிழ் வரும். வரவில்லை.

வண்டியின் மேல் என் மனைவி அம்சா, கால் இரண்டையும் இடது பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் துணி சுற்றிய பித்தளைத் தாம்பாளம். உள்ளே வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, குழந்தைக்கு ஒரு சட்டை. அவள் தம்பி மகனுக்கு அன்று பெருமுக்கல் மலைக்கோயிலில் காதுகுத்து.

"இன்னாய்யா, பஞ்சரா?"

"காத்து எறங்கல. ஆனா ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. உனக்குக் கேக்கல?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல. வா போலாம், நேரமாவுது."

கேட்கவில்லை என்று அவள் சொன்னது பொய். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் போகவேண்டியிருந்தது. அதற்குள் அந்த நாட்களில் என் காதுக்கு இருந்த திமிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பந்தியில் எழுந்தவன்

மரக்காணம் உப்பளத்தில் நான் இன்ஜின்காரன். இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓடையிலிருந்து உப்புத் தண்ணீரை டீசல் இன்ஜின் வைத்து இறைத்துப் பாத்திகளுக்கு விடவேண்டும். அந்த இன்ஜின்களை ஓட்டுவதும் படுத்துவிட்டால் எழுப்புவதும் என் வேலை. மூன்று இடங்களில் இன்ஜின்கள் இருந்தன. நடுவில் வரப்பும் சேறும்.

பார்த்துப் பழுது கண்டுபிடிப்பவன் இல்லை நான். கேட்டுக் கண்டுபிடிப்பவன். தூரத்தில் நின்றே எந்த இன்ஜினுக்கு டீசல் சரியாக ஏறவில்லை, எதற்கு பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். "ஏகாம்பரம் காதுல ஸ்பேனர் வெச்சிருக்கான்" என்று உப்பளத்தில் சொல்வார்கள். அதைக் கேட்டு எனக்குத் தலை கால் புரியாது.

ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். மேளம் ஒரு பக்கம், மைக் செட் ஒரு பக்கம். அதற்கு நடுவிலும் மண்டபத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் இழுத்து இழுத்து மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. சாம்பார் சோற்றோடு எழுந்து ஓடினேன். ஆயில் சொட்டுக்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது அது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பந்தி நடுவிலேயே மண்டபம் இருட்டாகியிருக்கும். அன்றைக்கு மாப்பிள்ளையைவிட எனக்குத்தான் மரியாதை.

அம்சா இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வாள். "பக்கத்துல உக்காந்துக்கினு நானு மூணு வாட்டி பாயசம் வேணுமான்னு கேட்டேன். அது காதுல வுழல. பின்னால ஓடுன ஜெனரேட்டரு வுழுந்துச்சாம்." கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கடகட

வண்டி நூறு சிசி. ஆரோவில்லில் தச்சு வேலை செய்துகொண்டிருந்த ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதில் இருந்த இன்ஜின் கார்டு கம்பெனி போட்டது இல்லை. அவர் புதுச்சேரியில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. தடிமனான இரும்புக் குழாயை வளைத்து, இன்ஜினுக்கு முன்னால் இரண்டு பக்கமும் வருகிற மாதிரி, வண்டிச் சட்டத்தோடு நான்கு இடத்தில் போல்ட் போட்டிருந்தார். இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு ரப்பர் புஷ்.

வண்டி கீழே விழுந்தால் இன்ஜினையும் ஓட்டுகிறவன் காலையும் காப்பாற்றத்தான் கார்டு. நான் அதில் டீசல் கேன் மாட்டினேன். பக்கத்துக்கு ஒன்று. கேனில் இருந்து டீசல் சொட்டும், ஓடைப் பக்கமிருந்து உப்புக் காற்று அடிக்கும். ரப்பர் பாவம், எத்தனை நாளைக்குத் தாங்கும்? முதலில் ஒரு புஷ் வெடித்தது. பிறகு மூன்றும் வரிசையாகப் போயின.

அதிலிருந்து வண்டி ஓடினால் கடகடவென்று ஒரே சத்தம். உப்பளத்து மண் ரோட்டில் போனால் பழைய பாத்திரக்காரன் வருகிறான் என்று நினைப்பார்கள். பின்னால் உட்கார்ந்து அம்சா ஏதாவது சொல்வாள். "இன்னா?" என்பேன். மறுபடி சொல்வாள். மறுபடியும் "இன்னா?" என்பேன். மூன்றாவது தடவை "ஒண்ணுமில்ல" என்றுவிடுவாள்.

மாதக் கணக்கில் இப்படியே ஓட்டினேன். ஊர் இன்ஜினுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் வண்டி இந்த லட்சணத்தில் இருக்கிறதே என்று ஆளாளுக்குக் கேலி பேசிய பிறகுதான் உறைத்தது. கூனிமேட்டில் மெயின் ரோட்டோரம் மெக்கானிக் கடை வைத்திருந்த காதர் பாயிடம் கொண்டுபோனேன்.

பாய் கார்டைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

"அரே, ரப்பரு பூரா பூட்ச்சேப்பா. தூளு தூளா வருது பாரு."

"புதுசு கெடைக்குமா பாய்?"

"கம்பெனி கார்டா இருந்தா பாண்டில வாங்கலாம். இது எவனோ அவன் இஷ்டத்துக்கு வளச்சது. இதுக்கு எங்க போய்த் தேடுறது? நீயே எதுனா கெட்டி ரப்பரா பாத்து வெட்டிப் போடு. மெத்துன்னு இருந்தாலும் ஆவாது, கல்லு மாதிரி இருந்தாலும் ஆவாது. அமுங்கணும், அமுங்கிட்டு எழுந்து நிக்கணும். வாஷரு ரெண்டு பக்கமும் போட மறக்காத."

முதலில் சைக்கிள் டியூபை நாலு மடிப்பு மடித்து வைத்துப் பார்த்தேன். இரண்டு நாளில் அறுந்துவிட்டது. அடுத்து பழைய ரப்பர் செருப்பு. அது மூன்றாம் நாள் அப்பளம் மாதிரி தட்டையாகிவிட்டது. மறுபடியும் கடகட.

கட்டிலுக்குக் கீழே

சுனாமி வந்து அப்போது ஒரு வருஷம் தாண்டியிருந்தது. அலை வந்து போன பிறகு எங்கள் பக்கம் லாரி லாரியாக உதவி வந்தது. கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாங்கள் யார் என்று தெரியாமலே கொடுத்தார்கள். ஆனாலும் வேர்த்து ஊற்றும் ஊருக்குக் கம்பளி சுவெட்டர் வந்தது. உப்பளத்துப் பெண்களுக்கு முட்டிவரைக்கும் ரப்பர் பூட்ஸ் வந்தது, அத்தனையும் ஆம்பளை அளவில்.

உப்பு வாருகிறவர்கள் பூட்ஸ் போடமாட்டார்கள். பாத்தியில் உப்பு எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று உள்ளங்காலால் தொட்டுப் பார்த்துத்தான் பலகையைப் போடுவார்கள். பூட்ஸுக்குள் அது தெரியாது. போதாததற்கு உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் கால் ஊறிப்போகும். அதனால் அந்த பூட்ஸ்கள் வீட்டுக்கு வீடு வேறு வேலைக்குப் போய்விட்டன. ஒரு வீட்டில் அதில் மண் போட்டு மிளகாய்ச் செடி வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டு ஜோடி கட்டிலுக்குக் கீழே இருந்தது. ஒரு நாள் மதியம் வேலை முடிந்து சீக்கிரம் வந்தவன் ரப்பர் தேடிக் குனிந்தபோது கண்ணில் பட்டது. இழுத்து வெளியே போட்டேன். ஒன்று கடையிலிருந்து வந்த மேனிக்கு மினுமினு என்று இருந்தது. இன்னொன்று மேல் வரைக்கும் உப்புப் பூத்து, மடிப்பெல்லாம் வெளுத்து, உள்ளே பழைய துணி சுருட்டி அடைத்திருந்தது. இரண்டையும் இரண்டு கையில் பிடித்து யோசித்தேன். புதிதாக இருப்பதை வெட்ட மனசு வரவில்லை. துணியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்துவிட்டுப் பழசை எடுத்துக்கொண்டேன்.

அந்த வேலையை ரசித்துச் செய்தேன் என்பதை மறைக்கமாட்டேன். போல்ட் எல்லாம் துருப்பிடித்து இறுகியிருந்ததால் முதலில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். மூன்று போல்ட் கழன்றது. நாலாவது தலை மழுங்கிப்போய் ஸ்பேனரில் நிற்கவில்லை. ஆக்சா பிளேடு போட்டு அறுத்தேன். பழைய புஷ் உதிர்ந்துபோன வெல்லம் மாதிரி கையில் வந்தது.

பூட்ஸின் குதிகாலில் சோடா மூடியை வைத்து வட்டம் போட்டேன். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து வெட்டினால் ரப்பர் வழுக்கிக்கொண்டு வரும். அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி நடுவில் ஓட்டை போட்டேன். குதிகாலில் பாதியும் அடிப்பாகத்தில் பாதியுமாக எட்டு வில்லைகள், போல்ட்டுக்கு இரண்டு. பாய் சொன்னபடி இரண்டு பக்கமும் வாஷர். நட்டை ஒரேயடியாக முறுக்காமல், ரப்பர் ஒரு நூல் பிதுங்குகிற அளவுக்கு நிறுத்தினேன்.

ரப்பர் தீய்ந்த வாடை வீடு முழுக்க. அந்த நேரத்துக்குத்தான், கடைக்குப் போயிருந்த அம்சா திரும்பி வந்தாள்.

"இன்னா நாத்தம் இது?"

"கார்டுக்கு புஷ்ஷு போடறேன். அந்தச் சுனாமி பூட்ஸ வெட்டிட்டேன். சும்மாதானே கெடந்துச்சி."

கீழே கிடந்த மிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மேல் பாகம் மட்டும் குழாய் மாதிரி கிடந்தது.

"சரி" என்றாள்.

"மே, இந்த ஸ்பேனரக் கொஞ்சம் புடி. நானு அந்தப் பக்கம் முறுக்கறேன்."

வந்து பிடித்தாள். முடித்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து தெருக்கோடி வரைக்கும் போய் வந்தேன். பொட்டுச் சத்தம் இல்லை. அவளிடம் சொல்லலாம் என்று பார்த்தால் உள்ளே உலை வைக்கப் போய்விட்டிருந்தாள்.

இரண்டாவது தடவை நிறுத்தியபோது

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் இந்தக் காதுகுத்து. சத்தமில்லாத வண்டியில் அம்சாவை உட்காரவைத்துப் போவது அதுதான் முதல் தடவை. மலையடிவாரத்தில் மச்சான் முன்னால் சத்தம் போடாமல் போய் இறங்கவேண்டும் என்று எனக்கு ஒரு அல்ப ஆசை.

ஊரைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் அந்த ஸ்ஸ் ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் வரும். நல்ல ரோட்டில் நின்றுவிடும். காற்று இல்லை என்று புளியமரத்தடியில் பார்த்தாயிற்று. அப்படியானால் பிரேக் ஷூ உரசுகிறது என்று தீர்மானித்தேன். கார்டு சத்தத்தில் இத்தனை நாள் அமுங்கிக் கிடந்த கோளாறு இப்போது வெளியே வருகிறது என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு கிலோமீட்டர் போய் ஒரு பனைமரத்துக்குப் பக்கத்தில் மறுபடி நிறுத்தினேன்.

"எறங்கு. சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பாத்துடறேன்."

"நானு உக்காந்துக்கினே இருக்கேனே. நீ பாரு."

"உக்காந்துக்கினு இருந்தா சக்கரம் எப்படிச் சுத்தும்? எறங்கு மே."

இறங்கினாள். நான் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, காதைக் கொண்டுபோய் பிரேக் டிரம் பக்கத்தில் வைத்தேன். சக்கரம் சுத்தமாகச் சுற்றியது. இன்ஜின் ஓடவில்லை. ரோட்டில் வேறு வண்டியும் இல்லை.

ஸ்ஸ்.

எனக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். அம்சா ஒரு கையில் தாம்பாளத்தை இடுக்கிக்கொண்டு, மறு கையால் பனைமரத்தைப் பிடித்தபடி, இடது காலைத் தரையில் வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஸ்ஸ் என்றாள்.

சக்கரம் நின்றது. நான் எழுந்து போய் அவள் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே தோல் கறுத்து மூடியிருந்தது. அதைச் சுற்றி வீங்கி, சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. கை வைத்தால் அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

உப்பளத்துக்காரர்கள் வீட்டில் யாரும் யார் காலையும் பார்ப்பதில்லை. எல்லார் காலிலும் வெடிப்பு இருக்கும், எல்லார் காலிலும் புண் இருக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் தானாக ஆறிவிடும் என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். மேல் தோல் காய்ந்து மூடிக்கொள்வதைப் பார்த்துப் புண் ஆறிவிட்டது என்று நம்புவதுதான் எங்கள் வழக்கம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிற பழக்கம் இல்லை.

"எத்தினி நாளா இப்படி?"

"மாசில பாத்திச் சேத்த வாரும்போது இன்னாவோ குத்துச்சி. அப்போலேந்து."

"மூணு மாசமா? மூணு மாசமா வண்டில ஏறி வர்ற, ஒரு வார்த்த சொல்லலியே நீ!"

"சொன்னேன்யா. ரெண்டு வாட்டி வண்டில வரும்போதே சொன்னேன். நீ இன்னா இன்னான்னே. அப்புறம் சொல்லல."

"வீட்ல சொல்றதுக்கு இன்னா?"

"வேலைக்குப் போவாதன்னு சொல்லுவ. மேஸ்திரி பாத்தா காலு ஆறுன அப்புறம் வான்னு அனுப்பிச்சிடுவாரு. அப்புறம் எங்க போறது?"

அது நிஜம். அலை கொண்டுவந்து கொட்டிய சேறு அந்த வருஷமும் பாதிப் பாத்திகளில் கிடந்தது. ஆள் குறைவாகத்தான் எடுத்தார்கள். ஒருத்தி இரண்டு நாள் வரிசையை விட்டால் மூன்றாம் நாள் அங்கே வேறொருத்தி நிற்பாள். பன்னிரண்டு வருஷமாக அம்சா வரிசையில் முதல் ஆள். அந்த இடத்தை விட அவளுக்கு மனமில்லை.

காதுகுத்துக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பிப் புதுச்சேரிக்கு ஓட்டினேன். வழி நெடுக ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. பழைய கடகடவே திரும்பி வந்துவிட்டால் தேவலை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். உள்ளே பாட்டில் சில்லு ஒன்று இருந்ததாம். காலைக் காப்பாற்றியதே பெரிசு என்றார்கள். சீர் தட்டில் இருந்த வாழைப்பழத்தை வார்டில் இருந்தவர்கள் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

கட்டுப் பிரித்துப் பார்க்க வந்த டாக்டர், சின்ன வயசுக்காரர், அவளிடம் கேட்டார். "முதல்ல காலை மூடி வச்சிருந்தீங்களாம்மா? கடைசிப் பத்து நாள்லதான் இவ்வளவு வேகமா ஏறியிருக்கு. ஏன் விட்டுட்டீங்க?"

அம்சா மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "கிழிஞ்சி பூட்ச்சி சார்" என்றாள். ஏதோ கட்டுத் துணியைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

திரும்பி வந்த வழி

வீட்டுக்கு அனுப்பிய அன்று பஸ்ஸில் போகலாம் என்றேன். பஸ் படி ஏறமுடியாது, வண்டியிலேயே போகலாம் என்றாள். கட்டுப்போட்ட காலை ஃபுட்ரெஸ்டில் படாமல் நீட்டி வைத்துக்கொண்டாள். நான் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினேன்.

கூனிமேட்டில் காதர் பாய் கடை வாசலில் நின்றிருந்தார். கையைக் காட்டி நிறுத்தினார். அம்சாவின் காலைப் பார்த்து, "யா அல்லா, இன்னாம்மா இது?" என்று பதறினார். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சு வேறு எங்கெங்கோ போய், கிளம்புகிற நேரத்தில் கார்டு பக்கம் வந்தது. குனிந்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"சபாஷ்டா. வண்டி வந்ததே தெரியல. இன்னா ரப்பரு போட்ட?"

"சுனாமி பூட்ஸு பாய். வீட்ல சும்மா கெடந்துச்சி."

"நல்ல ரப்பரு. இன்னும் பத்து வருஷம் வரும்."

கிளம்பினோம். கூனிமேடு தாண்டி, ரோடு காலியாக இருந்த இடத்தில், பின்னாலிருந்து அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"அது சும்மா கெடக்கலய்யா."

"இன்னா?" என்றேன். பழக்கதோஷம்.

"அந்த பூட்ஸு. அதுக்குள்ள துணி வெச்சித்தான் காலை வுட்டுக்கினு போயினு இருந்தேன். மேஸ்திரி கேட்டா பித்தவெடிப்புன்னு சொல்லிக்கினேன். நீ வெட்டுன அப்புறம் புண்ணு தெரியாம சேத்த அப்பிக்கினு நின்னேன்."

"எனக்குத் தெரியாது அம்சா. சத்தியமா தெரியாது. ரெண்டுல பழசா பாத்துத்தான் எடுத்தேன். புதுச வெட்ட மனசு வரல."

அவள் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் எப்படிய்யா பழசாவும்?"

 என் கை தானாகப் போய் ஹாரனை அழுத்தியது. ரோட்டில் ஒருத்தரும் இல்லை.